உள்ள ஆள் இருக்கு

கடலைக் கண்ணால் பார்க்காமலேயே வருஷக்கணக்கில் நடுக்கடலில் வாழ்ந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஃபெசிலிட்டி. வாழ்ந்த இடம் ஆம்பூர். பக்கத்தில் ஓடுவது பாலாறு. ஓடுவது என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். ஆற்றையே மணலாகப் பார்த்துப் பழகிய ஊரில், காலையில் மொட்டைமாடிக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, "இன்னிக்கி கடல் கொஞ்சம் ரஃப்பா இருக்கும்போல" என்று கவலைப்படும் ஆளை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அவர் கவலைப்பட்டது மும்பைக்கு அப்பால் இருக்கும் கடலைப் பற்றி. அங்கே எண்ணெய் எடுக்கும் மேடைகள் இருக்கின்றன. ஃபோனில் வானிலை பார்த்துவிட்டு, "பாவம், பசங்களுக்கு இன்னிக்கி ஹெலிகாப்டர் வராது" என்று உச்சுக்கொட்டுவார். அந்த மேடையில் ஒரு பையனுக்கும் இவரைத் தெரியாது. அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

நான் அப்போது ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தங்கியிருந்தது பாய் மேன்ஷனில். பாய்க்கும் ஒரு பெயர் இருந்தது, ஆனால் பாய் என்றாலே அவர்தான் என்பதால் அது யாருக்கும் தேவைப்படவில்லை. மேன்ஷன் வாசலில் ஒரு போர்டு: 'பேச்சிலர்களுக்கு ரூம் கிடைக்கும். சகல ஃபெசிலிட்டியும் உண்டு.' உள்ளே இருந்தது இரண்டு பாத்ரூம், ஒரு குழாய். குழாயிலும் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு வரும். சில நாள் பெருமூச்சோடு நின்றுவிடும்.

அந்த வாசலில்தான் ஒருநாள் அவர் சூட்கேஸோடு வந்து நின்றார். ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் நாலு கலர் பேனா. பாய் ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா வேலை தம்பி?"

"ஃபெசிலிட்டீஸ் இன்ஜினியர். ஆயில் அண்ட் கேஸ்."

பாய் சங்கடத்தோடு தன் போர்டைத் திரும்பிப் பார்த்தார். "அரே, அத்த நான் சும்மா எழுதி வெச்சிருக்கேன் தம்பி. இருக்கறது ரெண்டு பாத்ரூம். இதுக்கெல்லாம் இன்ஜினியர் வெச்சி எனக்குக் கட்டுப்படியாவாது."

அன்றோடு அவர் பெயர் போயிற்று. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் பத்திரமாக இருந்திருக்கும். குழாய் சொட்டினாலும், ஃபேன் நின்றாலும், "ஃபெசிலிட்டி அண்ணனக் கூப்டு" என்று மேன்ஷனே குரல் கொடுக்கும். அவரும் கோபித்துக்கொண்டே ஸ்பானரோடு வருவார். போர்டில் இருந்த பொய் அப்படித்தான் மெல்ல மெல்ல உண்மையாயிற்று.

உள்ளதைச் சொன்னால், அவர் அப்போது வேலை பார்த்தது ஒரு டேனரியில். மெயின்டனன்ஸ் இன்ஜினியர். தோல் ஊறும் பெரிய மர டிரம்மு சுற்ற வேண்டும், பம்பு ஓட வேண்டும், கழிவுநீர் சுத்தமாகி வெளியே போக வேண்டும். அதுதான் உத்தியோகம். ஃபெசிலிட்டீஸ் இன்ஜினியர் என்பது அவர் ஆகப்போவது. ஆகப்போவதை இப்போதே சொல்லிவிட்டால் என்ன, எப்படியும் ஆகத்தானே போகிறோம் என்பது அவருடைய கட்சி.

அப்படி என்றால் என்னதான் வேலை என்று ஒருநாள் பாய் மனம்விட்டுக் கேட்டார். ஃபெசிலிட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாய், கல்யாணத்துல சமைக்கறவன் வேற, சாப்புடறவன் வேற. நடுவுல எலை போட்டு, தண்ணி வெச்சி, சாம்பார் வாளியத் தூக்கினு ஓடறான் பாருங்க. அவன் இல்லன்னா இன்னா ஆவும்?"

"பேஜார் ஆய்டும்."

"அதான். கெணறு தோண்டறவன் ஒருத்தன். பெட்ரோல் போட்டுனு போறவன் ஒருத்தன். நடுவுல எண்ணெ, கேஸு, தண்ணி மூணையும் பிரிச்சி, டேங்குல நிறுத்தி, பம்பு வெச்சி, கொழாயில அனுப்பறது யாரு? ஃபெசிலிட்டீஸ் இன்ஜினியர்."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். "அப்ப நீ பந்தி வைக்கற ஆளு."

ஃபெசிலிட்டி இரண்டு நாள் பாயோடு பேசவில்லை.

அவரோடு ஒரே ரூமில் இருந்தது நான். அதனால் கஷ்டமும் எனக்குத்தான் ஜாஸ்தி. எண்ணெய் மேடையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர் உண்டாம். பம்புக்கு ஒன்று, வால்வுக்கு ஒன்று. அது இல்லாத பொருள் பொருளே இல்லையாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தூங்கி எழுந்தபோது ரூமில் இருந்த எல்லாமே பொருளாகியிருந்தன. வாளிக்கு நம்பர், கொசுவத்திச் சுருள் வைக்கும் தட்டுக்கு நம்பர். ஒரே மாதிரி இரண்டு இருந்தால் A, B. A ஓடும்போது B சும்மா தயாராக நிற்கும். A படுத்துக்கொண்டால் B ஓட வேண்டும். அதற்குப் பெயர் ஸ்டேண்ட்பை. "ஸ்டேண்ட்பை இல்லாத பம்பு பம்பே இல்ல தம்பி. அது ஒரு வேண்டுதல்" என்பார்.

என் செருப்பைக் கையில் எடுத்தேன். ஒன்றில் A, இன்னொன்றில் B.

"அண்ணா, இது ரெண்டும் சேந்துதாண்ணா ஓடணும். இதுல எது ஸ்டேண்ட்பை?"

செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "டிசைன்லயே தப்பு இருக்குது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

பெருநாளுக்கு பாய் மொட்டைமாடியில் பிரியாணி போடுவார். விறகடுப்பு, பெரிய தேக்சா. நெருப்புக் குச்சியைக் கிழிக்கும் நேரத்தில் ஃபெசிலிட்டி குறுக்கே வந்து நின்றார். திறந்த நெருப்பு வைக்க பர்மிட் வேண்டும் என்றார். பாய் பதறிப்போனார். "அரே அல்லா! பிரியாணிக்கி பர்மிட்டா? முனிசிபாலிடி புதுசா போட்டாங்களா?" அதெல்லாம் இல்லை, பர்மிட் கொடுப்பவரும் தானே என்று ஃபெசிலிட்டி விளக்கினார். ஒரு வாளி மணல், நனைத்த சாக்கு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்ற விசாரணை, எல்லாம் முடிந்து அனுமதி வழங்கப்பட்டது. தம் போட்டு இறக்கும்வரை அவர் அந்த மணல் வாளியோடு அடுப்பைவிட்டு நகரவில்லை. முதல் தட்டு அவருக்குத்தான் வந்தது. அடுத்த பெருநாளில் இருந்து, "பர்மிட் போடுப்பா, பசிக்குது" என்று பாயே கூப்பிட ஆரம்பித்தார்.

காற்று பார்ப்பதற்காக என்னுடைய பழைய பேன்ட்டின் ஒரு காலை வெட்டி மாடியில் கம்பு நட்டுக் கட்டியிருந்தார். விமான நிலையத்தில் காற்றடிக்கும் திசை காட்டுவார்களே, அந்த மாதிரி. முதலில் தெருவே சிரித்தது. எங்கள் பக்கத்து ஊர்களின் டேனரி வாசனை உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் நான் சொல்லிப் புரியாது. கொஞ்ச நாளில் தெருப் பெண்கள் மாடிக்கு வந்து என் பேன்ட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் துணி காயப்போட்டார்கள். என் கால் அந்த ஊருக்குச் செய்த ஒரே தொண்டு அது.

அந்த நாற்றத்தைப் பற்றி மட்டும் அவர் விளையாட்டாகப் பேசியதே இல்லை. டேனரிக் கழிவுத் தொட்டியில் அடியில் சேரும் சேற்றில் ஆளைக் கொல்லும் ஒரு வாயு உண்டு. அதே வாயு எண்ணெய்க் கிணற்றிலும் வரும். "ஆண்டவன் எனக்கு ரெண்டு எடத்துக்கும் ஒரே சிலபஸ் குடுத்திருக்கான்" என்பார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "அழுகின முட்டை நாத்தம் அடிச்சா பயப்படாத தம்பி. அடிச்சிட்டிருந்த நாத்தம் திடீர்னு நின்னுச்சின்னா ஓடு. நாத்தம் போவல, உன் மூக்கு போய்டுச்சின்னு அர்த்தம்."

ஒருமுறை மேன்ஷனின் தரைத்தொட்டியைக் கழுவ ஓர் ஆள் உள்ளே இறங்கினார். வெறும் குடிதண்ணீர்த் தொட்டி. ஃபெசிலிட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தொட்டி வாயருகே போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டோம். வரவில்லை. ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை. பாய் வந்து இன்னா சமாச்சாரம் என்று கேட்டதற்கு, "உள்ள ஆள் இருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். உள்ளே ஆள் இருக்கும்வரை மேலே இருப்பவன் நகரக் கூடாது. எண்ணெய் மேடையில் அது சட்டமாம். அதற்கென்றே ஓர் ஆளைப் போடுவார்களாம். அவனுக்கு வேறு எந்த வேலையும் கிடையாது, உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

இந்த வாக்கியம் மேன்ஷனில் எப்படிப் பிழைக்கும்? இரண்டே பாத்ரூம் இருக்கும் இடத்தில் காலை வேளையில் எல்லாரும் அலறுவதும் அதே வாக்கியம்தான். அதற்கப்புறம் யார் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து, "உள்ள ஆள் இருக்கு, ஃபெசிலிட்டி அண்ணனுக்குச் சேர் போடுங்கப்பா" என்று பதில் வந்தது. அவரும் சிரித்துவிடுவார். கோபமோ கலக்கமோ வந்தால் காதுமடல் மட்டும் சிவக்கும்.

கல்யாணம் குதிரவில்லை. ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற அவருடைய அப்பா அலுக்காமல் பெண் பார்த்தார். ஒரு வீட்டில் பெண்ணின் தகப்பனார், "எண்ணெயும் கேஸும் ரெண்டு ஏஜென்சியும் நீங்களே வெச்சிருக்கீங்களா மாப்ள? கேஸு மட்டும் போதுமே, எண்ணெ வியாபாரம் கை பிசுக்காச்சே" என்றாராம். இவர் உட்கார்ந்து கல்யாணப் பந்தி உதாரணத்தைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் கேட்டரிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வேலையும் குதிரவில்லை. விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தார். எல்லாக் கம்பெனியும் எண்ணெயில் முன் அனுபவம் கேட்டது. வேலை கொடுத்தால்தானே அனுபவம், அனுபவம் இருந்தால்தானே வேலை. கடைசியில் வளைகுடாவில் இருக்கும் ஒரு கம்பெனி சென்னை ஹோட்டலில் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அந்த வாரம் அவருடைய அப்பா மேன்ஷனுக்கே வந்துவிட்டார். சண்டை போடவில்லை. என் கட்டிலில் உட்கார்ந்து, செருப்பில் இருந்த A, B-யைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"தோ பாருப்பா. உன் ஆசைக்கி நான் குறுக்க நிக்கல. இது கடைசி. கெடைச்சா போ. கெடைக்கலன்னா நெமிலில மாமா ரைஸ் மில்ல எடுத்துக்க. அவருக்கும் முடியல. எனக்கும் உன்ன ஒரு எடத்துல பாக்கணும்."

"சரிப்பா" என்றார் இவர். அவ்வளவுதான். அப்பா போனபிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "ரைஸ் மில்லுலயும் மோட்டார் இருக்குது இல்ல தம்பி?" என்று கேட்டார். வழக்கம்போலக் கிண்டல் செய்யாமல், "இருக்குதுண்ணா" என்றேன். நெமிலி நல்ல ஊர்தான். நெல்லும் வயலும் உண்டு. ஆனால் இந்த மனிதர் நெல் மூட்டைக்கு நம்பர் போட்டுக்கொண்டு காலம் தள்ளுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு வாரம் மாடியில் நேர்காணல் ஒத்திகை. நான் கேள்வி கேட்டேன், அவர் இங்கிலீஷில் பதில் சொன்னார். "எதுக்கு ஆயில் அண்ட் கேஸுக்கு வர்றீங்க?" என்று கேட்டால் அரைமணி நேரம் பேசுவார். சுருக்குங்கண்ணா என்றால் முக்கால்மணி நேரம் ஆகும்.

நேர்காணல் அன்று விடிந்ததும் அவரை ரயிலுக்கு விட நான் பைக்கை எடுத்தேன். டை கட்டி, ஷூ பளபளக்க, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஏறி உட்கார்ந்தார். பாதி வழியில் தோளைத் தட்டினார்.

"தம்பி, டேனரிக்கி விடு. ஹெல்மெட்ட வெச்சிட்டு வந்துட்டேன்."

"இன்டர்வியூக்கு எதுக்குண்ணா ஹெல்மெட்?"

"ஹெல்மெட் இல்லாம ஒரு ஃபெசிலிட்டீஸ் இன்ஜினியர் எப்டிடா உள்ள போவான்?"

அந்த ஹெல்மெட்தான் எல்லாவற்றுக்கும் காரணம். உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. ரயிலுக்கு நேரமாகிறதே என்று நானும் போனேன். பின்பக்கம் கழிவுத் தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. ஏழுமலை மேஸ்திரி, அடியில் கிடக்கும் சேற்றை அள்ள ஆட்களோடு வந்தவர், ஒரு காலை உள்ளே விட்டுக்கொண்டு ஏணியைத் தேடிக்கொண்டிருந்தார். எதிரே எங்கள் ஆள், டையோடும் ஹெல்மெட்டோடும், ரயில் மறிப்பவர் மாதிரி இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"காலை எடுங்க மேஸ்திரி. கேஸ் பாக்காம ஒருத்தரும் எறங்கக் கூடாது."

"இன்னா சார் நீங்க, இன்னிக்கி லீவுன்னாங்களே. நாங்க வருஷா வருஷம் எறங்கறதுதான்."

விஷயம் அதுதான். ஃபெசிலிட்டி இருந்தால் பர்மிட் அது இது என்று வேலை இழுக்கும் என்பதால், அவர் லீவு போட்ட நாளாகப் பார்த்து மேனேஜர் இந்த வேலையை வைத்திருந்தார். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார்.

"யோவ், லீவுல போனவனுக்கு இங்க இன்னாயா வேலை?"

"லீவு எனக்குத்தான் சார். கேஸுக்கு லீவு இல்ல."

வாயு பார்க்கிற மீட்டர் எங்கே என்று கேட்டார் மேனேஜர். அதில் பேட்டரி தீர்ந்துபோனதை இவர் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததும், மேனேஜர் பார்க்கலாம் பார்க்கலாம் என்றதும் அப்போது இருவருக்குமே ஞாபகம் வந்தது. மேனேஜர் ஒரு நிமிஷம் வேறு பக்கம் பார்த்தார். அதற்குள் ஃபெசிலிட்டி வாட்ச்மேனின் நாற்காலியை இழுத்து வந்து, மூடியைப் போடச் சொல்லி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து பிளாண்டில் இருந்து நல்ல மீட்டர் வரும்வரை எழுந்திருக்க மாட்டாராம்.

"அண்ணா, ட்ரெயின்!" என்றேன்.

"தெரியும்டா" என்றார். அவர் காதுமடல் சிவந்திருந்தது.

மீட்டர் வந்தது. கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார்கள். இரண்டு முழம் போவதற்குள் அது அலற ஆரம்பித்தது. அப்படி ஓர் அலறலை நான் கேட்டதில்லை. ஏழுமலை மேஸ்திரி குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். "என் காலு உள்ள இருந்துச்சிபா" என்று யாரிடமோ சொன்னார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெரிய ஃபேன் வைத்து உள்ளே காற்று அடித்தார்கள். மறுபடி மீட்டரை இறக்கினார்கள். அலறல் நிற்கும்வரை இதே வேலை. அப்புறம்தான் முகமூடி போட்டு, இடுப்பில் கயிறு கட்டி இரண்டு பேர் இறங்கினார்கள். ரயில் அந்நேரம் காட்பாடியைத் தாண்டியிருக்கும். பஸ்ஸைப் பிடித்தால்கூடப் போய்விடலாம் என்று ஒரு நப்பாசை இருந்தது. மேனேஜருக்கும் மனசு இளகிவிட்டது.

"நீ கெளம்புய்யா. வேலைதான் ஒழுங்கா நடக்குதே. நான் பாத்துக்கறேன்."

ஃபெசிலிட்டி மேனேஜர் கையில் இருந்த செல்ஃபோனைப் பார்த்தார். "நீங்க ஃபோன் வந்தா எழுந்து போய்டுவீங்க சார்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, நான் உக்கார்றேன், நீ போண்ணா. நெமிலிய நெனச்சிப் பாரு."

"உனக்கு ட்ரெய்னிங் இல்ல தம்பி."

"உக்கார்றதுக்கு இன்னாண்ணா ட்ரெய்னிங்?"

"உக்கார்றதுக்கு வேணாம். எழுந்திருக்காம இருக்கறதுக்கு வேணும்." தொட்டி வாயில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "உள்ள ஆள் இருக்கு."

நாங்கள் கிளம்பியபோது உச்சி வெயில். இரண்டு பேரும் மேலே வந்து முகமூடியைக் கழற்றி, தண்ணீர் குடித்ததைப் பார்த்த பிறகுதான் நாற்காலியைவிட்டு எழுந்தார். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் பஸ் ஏறினேன். அவர் உடம்பில், சட்டையில், டையில் எல்லாம் அந்தத் தொட்டியின் வாசனை. எங்கள் பக்கத்துச் சீட்டுக்காரர் ராணிப்பேட்டை வருவதற்குள் எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டார். பூந்தமல்லி வரை எங்களுக்கு மூன்று சீட்டு. ஃபெசிலிட்டி ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

ஹோட்டலுக்குப் போனபோது நேர்காணல் முடிந்திருந்தது. வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைத் தடுத்தான். ஏசி அறையில் இருந்து வந்த பெரியவர் ஒருவர் பெட்டியோடு காருக்காக நின்றிருந்தார். வெள்ளை முடி, கழுத்தில் கம்பெனி அட்டை. எங்கள் பக்கம் திரும்பி, மூக்கைச் சுருக்கி, இரண்டு தடவை மோந்து பார்த்தார். போச்சு என்று நினைத்தேன்.

"எந்த பிளாண்டுப்பா?" என்றார். பச்சைத் தமிழ்.

ஃபெசிலிட்டி அட்டென்ஷனில் நின்றார். "டேனரி சார். ஆம்பூர். இன்டர்வியூக்கு வந்தேன் சார்."

"ஏன் இவ்ளோ லேட்டு?"

ஒரு வாரம் மாடியில் பாடம் செய்த இங்கிலீஷ் மொத்தமும் அந்த நிமிஷம் காற்றோடு போயிற்று. "உள்ள ஆள் இருந்துச்சி சார்" என்றார்.

வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

"எத்தன பேரு?"

"ரெண்டு பேரு சார்."

"ரெண்டு பேரும் மேல வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க சார். தண்ணி குடிச்சிட்டாங்க."

பெரியவர் கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தார். காரைக் காத்திருக்கச் சொன்னார். அந்த ஹோட்டலின் வெல்வெட் சோபாவில் ஃபெசிலிட்டியை உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார். சோபாவின் கதி என்னவாயிற்றோ தெரியாது. தூரத்தில் நின்ற எனக்கு ஒன்றுதான் காதில் விழுந்தது. எதற்கு ஆயில் அண்ட் கேஸுக்கு வர ஆசை என்று பெரியவர் கேட்டார். அரைமணி நேரப் பதிலை எதிர்பார்த்து நான் தலையில் கை வைத்தேன்.

"கேஸ்ல ஏற்கெனவே இருக்கேன் சார். ஆயில் மட்டும்தான் பாக்கி."

வேலை கிடைத்தது. ஆர்டர் வந்த நாள் மேன்ஷனில் எல்லாரும் பாத்ரூம் கதவைத் தட்டிக் கொண்டாடினோம். வழியனுப்புப் பிரியாணிக்கு பாய் அடுப்புப் பக்கத்தில் குச்சியும் கையுமாக நின்று, "பர்மிட்?" என்று கேட்டார். ஃபெசிலிட்டி மணல் வாளியை எடுத்து வந்து அடுப்பருகே வைத்தார். தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய அப்பா அன்று இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அவர் போன மறுவாரம் வேலையில் இருந்து திரும்பும்போது பார்க்கிறேன், பாய் ஏணி போட்டு வாசல் போர்டில் ஏதோ செய்துகொண்டிருந்தார். 'சகல ஃபெசிலிட்டியும் உண்டு' என்ற வரிமேல் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய் இது?"

"ஃபெசிலிட்டிதான் போய்ட்டாரே. பொய் எழுதி வெக்கக் கூடாதுப்பா" என்றார். மூக்கை உறிஞ்சினார். சுண்ணாம்பு நெடியாகவும் இருக்கலாம்.

அப்புறம் நானும் அந்த ஊரைவிட்டு வந்துவிட்டேன். அவர் அங்கே பெரிய ஆளாகிவிட்டார். கல்யாணமும் ஆயிற்று. கடலின் நடுவில் மேடைமேல் நின்று படம் அனுப்புவார். பின்னால் நிஜக் கடல் இருக்கும். அதைவிடப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பம்பைத்தான் வட்டம் போட்டுக் காட்டியிருப்பார்.

போன வருஷம் என் இதயத்தில் ஒரு வால்வு மக்கர் செய்தது. வேலூரில் ஆபரேஷன். ஃபோனில் சொன்னபோது, "வால்வா? எந்த டைப்பு? ஸ்டேண்ட்பை இருக்குதா?" என்று கேட்டார். இல்லண்ணா, ஒண்ணுதான் என்றேன். "டிசைன்லயே தப்பு" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்து கண் விழித்தபோது நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"வெளிய இருக்கறவரு உங்க அண்ணனா சார்? உங்கள உள்ள கொண்டு போனதுல இருந்து ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல சேர் போட்டு உக்காந்துட்டாரு. உங்க வீட்ல காப்பி வாங்கிக் குடுத்தாங்க, வேணான்ட்டாரு. ஃபோன் அடிச்சிகினே இருந்துச்சி, எடுக்கவே இல்ல. இன்னா சார்னு கேட்டா, 'உள்ள ஆள் இருக்கு'ங்கறாரு. ஆபரேஷன்னா உள்ள ஆள் இருக்கத்தானே செய்யும்?"

கதவருகே அவர் நின்றார். முடி கொஞ்சம் நரைத்திருந்தது. சட்டைப் பையில் அதே நாலு கலர் பேனா. லீவு போட்டு, கடலைத் தாண்டி வந்திருக்கிறார். வந்ததும் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு மேலே இருந்த மானிட்டரைப் பார்த்தார். கோடு ஒழுங்காக ஓடுகிறது என்று நிச்சயமானதும்தான் என் முகத்துக்கு வந்தார்.

"வெளிய வந்துட்டியா?"

"வந்துட்டேண்ணா."

"தண்ணி குடிச்சியா?"

நர்ஸ் கொடுத்த ஸ்பூன் தண்ணீரைக் குடித்துக் காட்டினேன். அவர் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. காதுமடல் சிவந்திருந்தது.

"அப்ப நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று கீழே கேன்டீனுக்குப் போனார்.

மருந்து மயக்கத்தில் கண்ணை இழுத்தது. தூங்குங்க சார் என்று நர்ஸ் அதட்டினார். நான் தூங்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கேன்டீன் உள்ளே ஆள் இருக்கிறாரே, வெளியே வரும்வரை நான் எப்படிக் கண்ணை மூடுவது?